திரையில் எந்தக் கடல்? நாகர்கோவில் லோக்கல் சேனல் ஒன்றில் மெய்நிகர் அரங்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தில் கேபிள் இணைப்பு உள்ள வீடுகளில் பெரிய சேனல்களுக்கு நடுவே ஊர்ச் சேனல் ஒன்றிரண்டு பெரும்பாலும் இருக்கும். அம்மன் கொடை, குருசடித் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, இரங்கல் அறிவிப்பு, மின்தடை நேரம், மீன்பிடித் தடைக்கால அறிவிப்பு, இவைதான் அவற்றின் சரக்கு. நாகர்கோவிலில் அப்படிப்பட்ட ஒரு சேனல், கணினி உருவாக்கும் மெய்நிகர் அரங்குக்கும், தனி அலைவரிசை இல்லாமல் ரிமோட்டில் ஓர் எண்ணாக மட்டும் இருக்கும் மெய்நிகர் சேனலுக்கும் மாறிய கதை இது. பெயர் இங்கே தேவையில்லை. ஒளிபரப்புத் தொழில்நுட்ப வேலைக்கு அங்கே போய்வருகிறவன் என்பதால் உள்ளே நடந்ததை அருகில் இருந்து பார்த்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேனலின் உள்வேலைகளில், அதாவது எண் ஒதுக்குவது, பட்டியல் ஓட்டுவது, சிக்னலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுவருவது ஆகியவற்றில், மெய்நிகர் நுட்பத்தைத் தாராளமாக நம்பலாம். திரையில் ஓர் இடத்தைக் காட்டும்போது, அதிலும் கடலைக் காட்டும்போது, அதற்குக் கடிவாளம் போட்டே ஆக வேண்டும்.

அறையும் பச்சைத் துணியும்

ஸ்டுடியோ என்று சொல்வது ஒரு கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறை. முன்பு செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கும். திருவள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் அச்சடித்த ஃப்ளெக்ஸ். விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும், ஒரு வருடத்தில் வெளுத்துப்போகும். செய்தி, சமையல், பக்தி, வேலைவாய்ப்பு எல்லாவற்றுக்கும் அதே பாறை, அதே சிலை. உரிமையாளருக்கு அது பல நாளாக உறுத்தல். பெரிய சேனல்களில் வருவது போல மேசை, பின்னால் நகரும் படங்கள், உயரமான கண்ணாடிச் சுவர் எல்லாம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். நியாயமான ஆசைதான்.

மெய்நிகர் அரங்கின் அடிப்படை எளிது. பச்சைத் துணிக்கு முன்னால் ஆள் உட்காருகிறார். படத்தில் பச்சை இருக்கும் இடத்தையெல்லாம் கணினி நீக்கிவிட்டு அங்கே வேறு படத்தை வைக்கிறது. பச்சையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. மனிதத் தோலில் அந்த நிறம் குறைவு. தவிர, பெரும்பாலான கேமரா சென்சார்களில் பாதி உணர்புள்ளிகள் பச்சைக்கே ஒதுக்கப்பட்டவை, அதனால் பச்சையில் இரைச்சல் குறைந்த படம் கிடைக்கும். 1998-இல் அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பில் மைதானத்தின் மேல் மஞ்சள் கோடு போட்டார்களே, அதுவும் இதே குடும்பம்தான். புல்லின் நிறத்தைக் கணினி அடையாளம் கண்டு அதன் மேல் மட்டும் கோட்டை வரைந்தது, ஆட்டக்காரர்கள் கோட்டை மிதித்து ஓடுவது போலத் தெரிந்தது.

பெரிய நிறுவனங்கள் இன்று அன்ரியல் என்ஜின் போன்ற விளையாட்டு மென்பொருளில் அரங்கை முப்பரிமாணமாகக் கட்டி, கேமரா நகரும் ஒவ்வொரு அங்குலத்தையும் சென்சார் வைத்து அளந்து, அதற்கேற்பப் பின்னணியையும் நகர்த்துகின்றன. மேல்மாடி அறைக்கு அது தேவையும் இல்லை, கட்டுப்படியும் ஆகாது. இங்கே கேமரா முக்காலியில் அசையாமல் நிற்கும். நேரலைப் படங்களைக் கலந்து தரும் விஎம்மிக்ஸ் மென்பொருளில் ஆயத்தமாகக் கிடைக்கும் அரங்குகளில் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளிலும் இதைச் செய்யலாம், ஆனால் பல கேமரா, ஸ்க்ரோல், ரீப்ளே எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்கிற இடத்தில் விஎம்மிக்ஸ் கைக்கு அடக்கமாக இருந்தது.

மென்பொருள் முதல் நாளே ஓடியது. தலைவலி முழுக்க வெளிச்சத்தில்தான். துணிக்கும் ஆளுக்கும் இடையே ஐந்தாறு அடியாவது இடைவெளி விட வேண்டும். அறையில் மேசையும் கேமராவும் வைத்த பிறகு மூன்றடிகூட மிஞ்சவில்லை. விளைவு, துணியில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து வாசிப்பவரின் கழுத்தோரத்திலும் காதோரத்திலும் பச்சையாக ஒட்டிக்கொண்டது. தரையில் வெள்ளை டைல்ஸ், அதுவும் பச்சையை வாங்கி முகவாய்க்குக் கீழே அடித்தது. தலையில் வைத்த பிச்சிப்பூ அரைகுறையாகக் கரைந்து, கூந்தலைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல ஓரம் துடித்தது.

பூ கரைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேமராவுக்குள் பதிவாகிற படத்தில் வெளிச்ச விவரம் புள்ளிக்குப் புள்ளி இருக்கும். நிற விவரமோ நாலு புள்ளிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும். கண் அதைப் பொறுத்துக்கொள்ளும், பச்சையை வெட்டுகிற கணினி பொறுக்காது. அதனால் மெமரி கார்டில் பதிந்ததை எடுத்து வெட்டாமல், கேமராவின் எச்டிஎம்ஐ வழியாக நேரடியாக வருகிற, நிற விவரம் கூடுதலான படத்தையே கணினிக்குக் கொடுத்தோம். துணிக்குத் தனியாக இரண்டு எல்இடி விளக்கு, ஆளுக்குத் தனியாக இரண்டு. டைல்ஸ் மேல் கறுப்புப் பாய். முழு உருவம் காட்டும் ஆசையை விட்டுவிட்டு இடுப்பு வரை மட்டும் என்று சட்டகத்தைச் சுருக்கியதும் இடப் பிரச்சினை தானாகவே தீர்ந்தது. மின்விசிறி ஓடினால் துணி அலைபாய்ந்து நிழல் விழுகிறது என்பதால் வாசிக்கும் நேரத்தில் விசிறி கிடையாது. சித்திரை மாதத்தில் அது வாசிப்பவருக்குக் கொடுமைதான். பிறகு ஒரு ஏசி வந்தது.

சமையல் நிகழ்ச்சியில் ஒரு வேடிக்கை நடந்தது. அவியலும் எரிசேரியும் பரிமாற வாழை இலை விரித்தார்கள். இலை இருந்த இடத்தில் பின்னணியின் நீல வானம் தெரிந்தது, சோறு ஆகாயத்தில் மிதந்தது. வாழைத் தோப்புகள் நிறைந்த மாவட்டத்தில் பச்சையைத் தடை செய்து சமையல் நிகழ்ச்சி நடத்த முடியாது. சமையலுக்கு மட்டும் நீலத் துணி என்று முடிவானது.

இவ்வளவும் சரியான பிறகு செய்தியின் தோற்றம் உண்மையிலேயே உயர்ந்தது. விளம்பரம் கொடுக்கும் நகைக்கடைக்காரர்களும் ஜவுளிக்கடைக்காரர்களும் வந்து பார்த்துவிட்டு மகிழ்ந்தார்கள்.

ரிமோட்டில் ஓர் எண்

மெய்நிகர் என்றால் பச்சைத் துணி மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சேனலே மெய்நிகர்தான். அனலாக் காலத்தில் ஒரு சேனல் என்றால் ஓர் அலைவரிசை, படத்தை அதில் ஏற்ற ஒரு மாடுலேட்டர் பெட்டி. இன்றைய டிஜிட்டல் கேபிளில் எட்டு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு கேரியரில், அதாவது தரவைச் சுமக்கும் ஓர் அலையில், 64 க்யூஏஎம் என்ற பண்பேற்ற முறையில், விநாடிக்குச் சுமார் 38 மெகாபிட் போகும். சாதாரணத் தரச் சேனல் ஒன்றுக்கு இரண்டு மெகாபிட் போதும் என்றால் ஒரே கேரியரில் பதினைந்து இருபது சேனல்கள் அடுக்கிவிடலாம். ரிமோட்டில் நாம் அழுத்தும் எண்ணுக்கும் அலைவரிசைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. படங்களோடு சேர்ந்து ஒரு பட்டியலும் வருகிறது, செட்டாப் பாக்ஸ் அதைப் படித்து இந்த எண்ணுக்கு இந்தப் படம் என்று பொருத்துகிறது. வீட்டுக் கதவு எண்ணும் நிலத்தின் சர்வே எண்ணும் போல. கதவு எண்ணை மாற்றினால் நிலம் நகராது.

இது ஊர்ச் சேனலுக்கு ஏன் முக்கியம் என்றால், இந்த மாவட்டத்தில் திருவிழாக்கள் மோதிக்கொள்ளும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் மார்கழித் தேரோட்டம் சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் வாரத்திலேயே வந்துவிடும். ஒரு பக்கம் தேவாலய நேரலை, இன்னொரு பக்கம் மூன்று தேர்கள் ரத வீதியில். எதை விடுவது? எதை விட்டாலும் ஒரு பாதி ஊருக்கு மனவருத்தம். இதற்காகவே இரண்டாவது எண் ஒன்று வாங்கினார்கள்.

நினைத்த நேரத்தில் எண்ணைத் திறந்து நினைத்த நேரத்தில் மூட முடியாது. கேபிள் நிறுவனம் தானே நடத்தும் சேனல்களுக்கு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 நவம்பரில் நெறிமுறை வெளியிட்டது. சேனல் ஒன்றுக்கு 1000 ரூபாய் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். மொத்தச் சேனல் கொள்ளளவில் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஒளிபரப்பியதை 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஊர்ச் சேனலை இன்னொரு நிறுவனத்தோடு பகிரக் கூடாது என்பதும் விதி, ஆனால் வழிபாட்டுத் தலங்களின் நேரலைக்கு அதில் விலக்கு உண்டு. குமரி மாவட்டத்துக்கு அந்த ஒரு வரி விலக்கு பெரிய வசதி.

எனவே இரண்டாவது எண்ணை நிரந்தரமாக வைத்துக்கொண்டு, சாதாரண நாட்களில் ஆள் இல்லாமல் ஓடவிட்டார்கள். ஒரு கணினி, ஒரு நேரப் பட்டியல். காலையில் பக்திப் பாடல், மதியம் பழைய திருவிழாப் பதிவுகள், மாலையில் முதல் எண்ணின் செய்தி மறுஒளிபரப்பு. இணைய டிவிகளில் விளம்பரத்தோடு இலவசமாக ஓடும் சேனல்கள் எல்லாம் இந்த வகைதான். சாம்சங் தன் டிவிகளில் அப்படியொரு சேவையை 2021-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அங்கே கணினி எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கிறது, இங்கே மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. திருவிழா நாளில் பட்டியலை நிறுத்திவிட்டு நேரலையைச் செருகினால் போதும்.

தேர் இழுக்கும் இடத்திலிருந்து படம் வந்து சேர்வதுதான் அடுத்த சிக்கல். மொபைல் டேட்டாவை நம்பிப் போனால், வீதியில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பும்போது டவர் திணறிவிடும், படம் உறைந்து நிற்கும். ஆனால் கேபிள்காரரிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது. ரத வீதியின் கம்பங்களில் அவருடைய ஃபைபர் ஏற்கெனவே ஓடுகிறது. கேமராவின் படத்தை எஸ்ஆர்டி முறையில் அதில் ஏற்றினார்கள். வழியில் தொலைந்த தரவுப் பொட்டலத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும் நெறிமுறை அது, 2017-இல் எல்லோரும் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்டது. ஒன்றிரண்டு விநாடி தாமதம் வைத்தால் போதும், படம் உடையாது. அதே நேரலையை யூடியூபில் பார்ப்பவருக்கு இருபது விநாடி பிந்தலாம், ஏனெனில் இணையத்தில் படம் ஆறாறு விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்பப்பட்டு, இரண்டு மூன்று துண்டு சேர்ந்த பிறகே ஓடத் தொடங்கும் ஏற்பாடு பரவலாக உள்ளது. வெடிச் சத்தம் வீட்டு வாசலில் கேட்டு, பிறகு டிவியில் கேட்டு, அதற்கும் பிறகு துபாயில் இருக்கும் மகன் போனில் கேட்கிறான்.

இந்தப் பகுதி முழுவதும் வெற்றி என்றே எழுதுவேன்.

கடல் எச்சரிக்கை வாசித்த காலை

மேற்கே நீரோடியில் தொடங்கிக் கிழக்கே ஆரோக்கியபுரம் வரை மாவட்டத்தின் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர். தூத்தூர், தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் என்று ஊர்கள் அடுத்தடுத்து நெருங்கிக் கிடக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. அந்தக் காயம் உள்ள ஊர்களில் கடல் எச்சரிக்கை என்றால் அடுக்களையில் நிற்பவர்களும் கையைத் துடைத்துக்கொண்டு டிவி முன்னால் வந்துவிடுவார்கள்.

அப்படி ஒரு காலையில் கள்ளக்கடல் எனப்படும் திடீர்க் கடலேற்றத்துக்கான எச்சரிக்கை வந்தது. செய்தி வாசித்த பெண் வாசகத்தைச் சரியாகவே வாசித்தார். எந்தக் கரை, எத்தனை மணி வரை, அலை உயரம் எவ்வளவு, எதுவும் தவறவில்லை. பின்னணிக்குக் கடல் படம் ஒன்று வேண்டுமே என்று எடிட்டிங்கில் இருந்த பையன் மென்பொருளோடு வந்த தொகுப்பிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டிருந்தான். கருமேகம், மின்னல், வளைந்து ஆடும் தென்னைகள், பாறையில் மோதிச் சிதறும் அலை. திரையில் பார்க்க மிரட்டலாக இருந்தது.

செய்தி முடிவதற்குள் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி போன் செய்தார்.

"தம்பி, இங்க வானம் வெளுத்துக் கெடக்கு. காத்தும் இல்ல. நீங்க காட்டுறது எந்தக் கடலு?"

"அக்கா, அது சும்மா பேக்கிரவுண்டு. செய்திதான் உண்மை."

"அப்போ இங்க வராதுல்லா?"

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் இந்த ஆய்வின் மையமாக நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் செய்தியைக் கேட்டார், படத்தையும் பார்த்தார். படத்தில் இருந்த வானம் தன் ஊர் வானம் இல்லை. ஆகவே எச்சரிக்கையும் தன் ஊருக்கு இல்லை என்று எடுத்துக்கொண்டார். அவர் செய்தது முற்றிலும் அறிவுள்ள காரியம். கண் முன்னால் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்தார், அவ்வளவுதான்.

கள்ளக்கடலின் குணமே இதற்கு நேர் எதிர். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் எங்கோ அடிக்கும் பெரும் காற்று எழுப்பிய அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து சில நாள் கழித்து நம் கரைக்கு வருகிறது. இங்கே மேகம் இருக்காது, காற்று இருக்காது. அலைக்கும் அலைக்கும் இடைவெளி நீளம், பதினைந்து இருபது விநாடிகூட இருக்கும், அதனால் கடல் அமைதியாக இருப்பது போலவே தோன்றும். திடீரென்று தண்ணீர் கரையேறும். சொல்லாமல் வருவதால்தான் அதற்குக் கள்ளப் பெயர். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது.

அப்படியானால் மின்னலும் கருமேகமும் போட்ட பின்னணி செய்தியை அழகுபடுத்தவில்லை, செய்தியை மறுத்தது. வாய் ஒன்று சொன்னது, படம் அதற்கு எதிரானதைச் சொன்னது. மேகம் வந்தால் பயப்படு, வெயில் அடித்தால் பயமில்லை என்று அந்தப் படம் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. பிற்பகலில் அந்த ஊரில் தண்ணீர் ஏறி, கரையில் காயப்போட்ட வலைகளை நனைத்துப் போனது. இழுத்து மேலே ஏற்றாத வள்ளம் ஒன்று புரண்டது. ஆளுக்குச் சேதமில்லை.

மறுநாள் சேனலில் உட்கார்ந்து பேசினோம். உரிமையாளர் முதலில் பையனைத் திட்டினார். "அண்ணாச்சி, அவன் மேல தப்பு இல்ல. கடல்னு தேடினா மென்பொருள் அதைத்தான் குடுக்கும்" என்று ஒளிப்பதிவாளர் சொன்னது சரியான பேச்சு. மெய்நிகர் அரங்கின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வெற்றிடமாக விட அது அனுமதிப்பதில்லை. ஏதாவது ஒரு படம் வைத்தே ஆக வேண்டும், கையில் கிடைப்பதோ யாரோ எங்கோ எடுத்த படம். ஃப்ளெக்ஸ் இருந்த காலத்தில் அது வெறும் ஃப்ளெக்ஸ் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது படம் அசைகிறது, வாசிப்பவர் அதற்கு முன்னால் நிற்பது போல இருக்கிறது, அது நேரலை என்று நம்புவதில் என்ன தவறு?

மெய்நிகர் படம் எச்சரிக்கைக்கு உதவவே உதவாது என்று நான் சொல்ல மாட்டேன். 2018-இல் ஃப்ளோரன்ஸ் புயலின்போது அமெரிக்காவின் வெதர் சேனல், விளக்குபவரைச் சுற்றி மூன்றடி, ஆறடி, ஒன்பதடி என்று தண்ணீர் ஏறுவதைக் காட்டியது. ஒன்பதடி என்ற எண் யாருக்கும் உறைக்காது, கார் மிதப்பதைப் பார்த்தால் உறைக்கும். அதைப் பார்த்த எங்கள் பையன், உள்ளூர் தூண்டில் வளைவின் (கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கட்டிய கல்சுவர்) புகைப்படத்தை எடுத்து அதன் மேல் நீர்மட்டக் கோடு போடலாம் என்றான். நல்ல யோசனைதான், ஆனாலும் வேண்டாம் என்று விட்டோம். கடல் எச்சரிக்கைகளை வெளியிடும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தருவது கடலில் அலையின் உயரம். அந்த அலை எந்தத் தெருவரை ஏறும் என்பது கரையின் சரிவு, கடல் ஏற்றம், தடுப்புச் சுவர் எல்லாவற்றையும் பொறுத்தது. நாமாகக் கோடு போட்டால், கோட்டுக்கு மேலே வீடு உள்ளவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்.

கடைசியில் வந்து நின்ற ஏற்பாடு இது. கடல் எச்சரிக்கைக்குப் பின்னணியில் கடல் படமே கிடையாது. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை கரையோர வரைபடம், அதில் துறை ஊர்களின் பெயர்கள், எச்சரிக்கை முடியும் நேரம் பெரிய எழுத்தில். எச்சரிக்கையின் நிறம் எதுவோ அதே நிறத்தில் கரைக்கோடு. கள்ளக்கடல் என்றால் கட்டாயமாக ஒரு வரி: "வானம் தெளிவாக இருந்தாலும் அலை வரும்." அந்த வரியை எழுத்தில் போட்டால் மட்டும் போதாது, வாசிப்பவர் இரண்டு முறை வாயால் சொல்ல வேண்டும். மற்றச் செய்திகளில் எங்கே தொகுப்புப் படம் வந்தாலும் மூலையில் "மாதிரிப் படம்" என்று இருக்கும். நேரலை என்றால் மட்டும் நேரலை முத்திரையும் ஊர்ப் பெயரும். முத்திரையை, படங்களை மாற்றும் ஸ்விட்சரில் நேரலை உள்ளீட்டோடு பூட்டிவிட்டோம், கையால் போட முடியாது.

இன்னும் தீராதவை

ஒக்கியின்போது மாவட்டத்தில் பல நாள் மின்சாரம் இல்லை, மரங்கள் விழுந்து கேபிளும் அறுந்தது. அப்படி ஒரு நாளில் எந்த மெய்நிகர் சேனலும் வீட்டுக்குள் வராது. ஆலய ஒலிபெருக்கிதான் அப்போது சேனல். எனவே எச்சரிக்கை வாசகத்தை டிவியில் ஏற்றும்போதே பங்குப் பேரவைகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் குரல் பதிவாக அனுப்புகிறார்கள். சிறிய ஏற்பாடு. என் பார்வையில் பச்சைத் துணியைவிட இது பெரிய வேலை.

இரவுச் செய்திக்குச் செயற்கை நுண்ணறிவு வாசிப்பாளர் வைக்கலாமா என்ற பேச்சும் வந்தது. 2023-இல் ஒடிசாவில் ஒரு சேனல் வைத்தது, 2024 மே மாதத்தில் தூர்தர்ஷனின் விவசாயச் சேனலான டிடி கிசான் அப்படி இரண்டு வாசிப்பாளர்களை அறிமுகப்படுத்தியது. சோதித்துப் பார்த்தோம். திக்கணங்கோடு, இரயுமன்துறை என்ற ஊர்ப் பெயர்களில் குரல் தடுக்கி விழுந்தது. அதைத் திருத்திவிடலாம், பெரிய விஷயமில்லை. ஆனால் இரங்கல் அறிவிப்பை இறந்தவரின் தெருவில் வளர்ந்த ஒருவர் வாசிக்கும் ஊர் இது. எச்சரிக்கை வாசித்தவருக்குப் போன் செய்து "எந்தக் கடலு" என்று கேட்க முடிகிற ஊர். அந்தப் போனை எடுக்க ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று நான் வாதாடினேன், இப்போதைக்கு அந்த யோசனை நின்றிருக்கிறது.

உண்மையான கடலைக் காட்ட உண்மையான கேமரா வேண்டும். குளச்சல் பக்கம் ஒரு மாடியில் வைத்த கேமராவின் இணைப்பு முனைகளை உப்புக்காற்று சில மாதத்தில் அரித்துவிட்டது. மூடிய உறையும் துருப்பிடிக்காத முனைகளும் போட்டு மறுபடி ஏற்றியிருக்கிறார்கள், காலை ஆறு மணிச் செய்தியில் அதன் படம் வருகிறது. முட்டத்துக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் மின் இணைப்பு கேட்டு மனு போயிருக்கிறது. ஃபைபர் இரண்டு ஊரிலும் தயாராக உள்ளது.